ஏழாம் கட்டிலும் பதின்மூன்று மதிப்பெண்ணும்

நூர் நிஷாவுக்கு இருபத்தைந்துக்கு மூன்று. சேதுலட்சுமி மேடம் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார். மூன்றுதான்.

அந்த ஆண்டுதான் ராமநாதபுரத்து நர்சிங் பள்ளிக்கு ரூப்ரிக் வந்திருந்தது. எதற்கு எத்தனை மதிப்பெண் என்று கட்டம் போட்ட தாள். கட்டத்துக்கு வெளியே அரை மதிப்பெண்கூடப் போடக் கூடாதென்பது முதல்வர் உத்தரவு.

பன்னிரண்டு மாணவிகளும் ஏழாம் கட்டில் நோயாளி இருளாண்டியைப் பரிசோதித்து அறிக்கை எழுதியிருந்தார்கள். சாயல்குடி உப்பளத் தொழிலாளி, வயிற்றுவலி. பதினொரு பேர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ள, வகுப்பிலேயே கெட்டிக்காரியான நூர் நிஷா எழுதியது நான்கே வரி. பதின்மூன்று வாங்காவிட்டால் இறுதித் தேர்வு கிடையாது. மேடம் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நோயாளியின் பிரச்சினைகள்ங்கற கட்டம் பூராம் காலியா கெடக்கு?"

"பல்ஸ், பிபி, வயிறு எல்லாம் பாத்தேன் மேடம். நல்லாத்தேன் இருக்காரு. இல்லாத நோவ எப்புடி எழுதுறது?"

அவளைக் கரையேற்ற, 'கூர்ந்து கவனித்தல்: ஐந்து' என்று மேடமே ஒரு கட்டம் சேர்த்தார். நான்கு வரிக்கு அதில் ஒன்றுதான் தேறியது. மொத்தம் முப்பதானதால் தேர்ச்சிக்குப் பதினைந்து வேண்டும். பத்து குறைந்த இடத்தில் இப்போது பதினொன்று குறைந்தது!

அவளை இழுத்துக்கொண்டு வார்டுக்கே போனார். கட்டிலில் இருந்தவர் உற்சாகமாக எழுந்து உட்கார்ந்தார்.

"ஒனக்கு என்ன தாயி வேணும்? மயக்கம், முட்டுவலி எல்லாம் மத்த புள்ளைகளுக்குக் குடுத்தாச்சு. நீ மூச்சுத் திணறல எடுத்துக்க."

நூர் நிஷா ஸ்டெத்தை வைத்துக் கேட்டாள். "நெஞ்சு சுத்தமா இருக்கு மேடம்."

விவரம் கேட்க வந்த டியூட்டி டாக்டர், மற்ற பதினொரு தாள்களையும் வாங்கிப் படித்தார். பதினொரு நோய்கள்! அவருக்கு வியர்த்தது.

"உடனே மதுரைக்கு அனுப்பணும். ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!"

"எனக்கு ஒண்ணுமே இல்லைங்கய்யா!" கட்டிலிலிருந்து குதித்தே விட்டார் மனிதர்.

"மதுரைன்னதும் எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

பதினொன்றில் ஒன்றைக்கூட இவள் கண்டுபிடிக்கவில்லையே! மேடம் நொந்துபோய், நூர் நிஷாவின் தாளில் 'தோல்வி' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

அப்போது வாசலில், வயிற்றைப் பிடித்தபடி ஒரு மெலிந்த ஆள் வந்து நின்றார்.

"டாக்டரய்யா, இருளாண்டி நாந்தேன், உள்ள புழுக்கமா இருக்குன்னு மூணு நாளா மரத்தடியில படுத்துருக்கேன், கட்டில வேற யாரும் புடிச்சிறக் கூடாதுன்னு மச்சானக் காவலுக்குப் படுக்கப் போட்டேன்!"