இடது எஞ்சினும் ஒரு வாய்ஸும்

"இடது எஞ்சினில் தீ எச்சரிக்கை வந்ததால் அதை நிறுத்திவிட்டோம். தீயணைப்பு மருந்தும் செலுத்தியாயிற்று. ஒற்றை எஞ்சினிலேயே சென்னையில் பத்திரமாக இறங்குவோம்" என்றார் விமானி.

எல்லோரும் சாமியைக் கூப்பிட்டார்கள். விசாகப்பட்டினத்தில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தோணிரேவு கிராமத்துப் பொன்னுரங்கம் மட்டும் பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். முப்பது வருஷமாகப் பழவேற்காடு ஏரியில் எஞ்சின் படகு ஓட்டுகிறவர் சும்மா இருப்பாரா?

"எண்ணெய நிறுத்தினாங்களாம்மா?"

"நிறுத்தியாச்சு சார்."

"ஈரச் சாக்கு போட்டு மூடினாங்களா?"

"சார், பெல்ட்டைப் போடுங்க."

"ஏம்மா, எங்க படகுல எஞ்சின் நின்னா துடுப்பு கீது. இங்க இன்னா கீது?"

அந்தப் பெண் போய்த் தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். பொன்னுரங்கமும் அவசரமாகப் போட்டுக்கொண்டார்.

சாகப் போகிறோம் என்றதும் பெண்டாட்டி பிள்ளை நினைவா வந்தது? அண்ணன் தாமோதரன் நினைவுதான் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன், ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அண்ணனின் சீட்டையும் இவர்தான் பிரித்துப் படித்தார். மீன் கொழிக்கும் முகத்துவாரம் அண்ணனுக்கு விழுந்திருந்தது. தனக்கு விழுந்ததாக மாற்றிப் படித்துவிட்டார். அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்க்கவே கூசியது. பேச்சும் விட்டுப்போயிற்று.

போனை எடுத்து, அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜை அழுதுகொண்டே பதிவு செய்தார்.

"அண்ணா, அந்த எடம் உன்துதான். நான்தான் மாத்திப் படிச்சேன். என்ன மன்னிச்சுடுண்ணா."

அனுப்ப அமுக்கினார். ஆகாயத்தில் ஏது டவர்? அது போகாமல் அப்படியே நின்றது.

விமானம் அலுங்காமல் இறங்கியது. தீயே இல்லையாம். எச்சரிக்கை மணியில்தான் கோளாறாம். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது பார்த்து டவர் கிடைத்து, வாய்ஸ் கிளம்பிப் போயே போய்விட்டது.

போன உயிர் திரும்பியதும் வெட்கமும் கூடவே வந்துவிட்டது. இனி ஊருக்குள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? பதறிப்போய் அழித்தார். பாவி மனுஷன், தன் போனில் மட்டும் அழித்துவிட்டார்! அண்ணன் போனில் இருப்பதை இனி இவரால் தொட முடியாது.

அண்ணன் மருமகள் மஞ்சுவைக் கூப்பிட்டார்.

"உன் மாமா போனுல என் பேர்ல ஒண்ணு வந்துகீது. அழிச்சுடும்மா."

"எனக்கு அழிக்கத் தெரியாது சின்ன மாமா. மாமாவே கேட்டுட்டு அழிக்கட்டுமே."

"ஐயோ, வேணாம்! அது வைரஸு! தொட்டா போன் வெடிச்சுடும்!"

"அய்யய்யோ, கையிலதானே வெச்சினுகீறாரு!"

போன் கட்டாகிவிட்டது. பெட்டி வரும் இடத்தில் பொன்னுரங்கம் பத்து நிமிஷம் வேர்த்துக் கொட்ட நின்றார். பிறகு மஞ்சுவே கூப்பிட்டாள்.

"புடுங்கித் தண்ணித் தொட்டில போட்டுட்டேன் சின்ன மாமா. செத்துப்போச்சு."

"அதுல வந்தத யாரும் கேக்கலயே?"

"கேக்கல."

அப்பாடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. எட்டு வருஷம் தொண்டையில் கிடந்தது ஒரு தரம் வெளியே வந்தது, அதையும் தானே கெடுத்துக்கொண்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. இன்னொரு தரம் சொல்ல அவருக்குத் துணிச்சல் ஏது? எஞ்சினும் தினம் எரியாது.

"மஞ்சு, அது வைரஸ் இல்லம்மா. அந்தச் சீட்டு விஷயம்..."

மஞ்சு தலையில் அடித்துக்கொள்வது போனிலேயே கேட்டது.

"அய்யோ சின்ன மாமா, அது மாமாவுக்கு அன்னிக்கே உங்க மொகத்தப் பாத்தே தெரியும். உங்க வாயால ஒரு தபா கேக்கணும்னுதான் அந்தப் போனயே வாங்கினாரு."