முன்மொழிந்த ஆசாமி

உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவர் தன் சொத்து, கடன், தன்மீதுள்ள வழக்கு எல்லாவற்றையும் உறுதிமொழி ஆவணமாக வேட்புமனுவோடு தர வேண்டும். அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி தேர்தல் அலுவலக அறிவிப்புப் பலகையில் வைக்க வேண்டும். விதி இதுதான். வைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், வைத்திருந்தார்கள். பலகைக்குக் கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பூட்டு. தாள்களை ஸ்டேப்ளர் அடித்து, முதல் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி மாட்டியிருந்தார்கள். அதில் வேட்பாளரின் பெயரும் விலாசமும் இருந்தன. அவை எனக்கே தெரியும், எங்கள் தெருக்காரர்.

சாவி வைத்திருப்பவர் தேர்தல் பயிற்சிக்குப் போயிருந்தாராம். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார், பதில் அனுப்புறோம்" என்றார் ஊழியர். அரசாங்க சர்வீஸ் முழுக்க நான் பிறருக்குச் சொன்ன வாக்கியம் அது. (அதன் அர்த்தம் எனக்குத் தெரியாதா?) இருந்தாலும் எழுதிக் கொடுத்தேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் மழை பெய்தால் சாக்கடை வாசல்வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். போன முறை ஜெயித்தவரைக் கடைசியாக மாலையோடு பார்த்ததுதான். இந்த முறையும் தவறான ஆள் வந்தால் இன்னும் ஐந்து வருடம் பேன்ட்டை மடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஆகவே எல்லோரையும் சந்தேகப்பட்டேன். கட்சி வேட்பாளர்களைச் சந்தேகிப்பதில் சுவாரஸ்யமில்லை, அதை ஊரே செய்கிறது. என் கவனமெல்லாம் சுயேச்சையாக நின்ற மல்லிகாமீது; பலகையில் நான் பார்க்கப் போனதும் அவர் தாள்களைத்தான். தையல் கடை வைத்திருப்பவர். மைக் இல்லை, ஆட்டோ இல்லை. தனியாக நடந்து வந்து கும்பிட்டு ஓட்டு கேட்டார். செலவே செய்யாத வேட்பாளரா? போதாததற்கு, காலையில் என்னோடு அம்மா மண்டபம்வரை நடக்க வரும் சேவியர் (ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், புரளியைக்கூட அடிக்குறிப்போடு சொல்வார்) அந்த அம்மாவுக்குத் தொட்டியத்தில் வாழைத்தோப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். தையல் மெஷினுக்கும் வாழைத்தோப்புக்கும் நடுவே ஓர் ஊழல் இருந்தே தீர வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

அலுவலகத்தில் நான் எழுதிக் கொடுத்த மனுவின் நகலை உள்ளூரில் எடுத்தால் விஷயம் கசிந்துவிடும் என்று, பஸ் ஏறித் தில்லை நகர் போய் ஜெராக்ஸ் எடுத்தேன். என் மனைவி கோமதியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஓட்டுப்பதிவுக்கு முந்தைய ஞாயிறன்று, குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் மொட்டை மாடியில் வேட்பாளர்களிடம் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தேன். எல்லோரையும் அழைத்தோம். வந்தது மல்லிகா மட்டும். (வந்ததே சந்தேகத்துக்குரியது.)

தோப்பைப் பற்றிக் கேட்டேன். அண்ணனுடையது, தனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, வேட்புமனுவில் எழுதியிருக்கிறேன் என்று பதறாமல் சொன்னார். பதறாததுதான் என்னை உசுப்பிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன்.

"உங்களை இதே வார்டு வாக்காளர் ஒருத்தர் முன்மொழிஞ்சிருக்கணும். அந்த ஆசாமி யாருங்க? படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டாரா, இல்ல ஜாக்கெட் தச்சுக் குடுத்த நன்றிக்குப் போட்டாரா?"

மல்லிகா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தார். அங்கே கோமதி எழுந்தாள்.

"நான்தாங்க அந்த ஆசாமி. ஒவ்வொரு பக்கமா படிச்சுட்டுத்தான் போட்டேன். படிக்காம போட்டது நம்ம கல்யாண ரிஜிஸ்டர்ல மட்டும்தான்."

மாடி குலுங்கியது. சேவியர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். இதை என்னிடம் முறைப்படி தெரிவித்திருக்க வேண்டும் என்று நான் முனகினேன்.

"சொன்னேனே. பேப்பரை இறக்காம 'உம்'னீங்க. அவங்க வேட்புமனு நகல் ஒண்ணு நம்ம பீரோவுலதான் இருக்கு. உங்க பென்ஷன் ஃபைலுக்கு அடியில."

வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் படித்தேன். தோப்பில் பங்கு இருந்தது, நகைக்கடன் இருந்தது, தவணையில் வாங்கிய ஓவர்லாக் மெஷின்கூட இருந்தது. வழக்கு எதுவும் இல்லை. இவ்வளவு ஒழுங்கான ஆவணத்தை நான் பார்த்ததே இல்லை என்பதால், சந்தேகம் முழுதாகத் தீரவில்லை.

மொட்டை மாடிக் கதை வார்டு முழுக்கப் பரவி, மல்லிகா ஜெயித்தார். என் கேள்வியை அவருடைய தேர்தல் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று சில நாள் யோசித்தேன். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று கோமதி கேட்கவே இல்லை. தெரிந்துகொண்டுதான் கேட்கவில்லை என்பது என் அனுமானம்.

இப்போதெல்லாம் கூரியருக்கு நான் கையெழுத்துப் போட்டால்கூட, கைலாசபுரத்திலிருந்து வந்திருக்கும் மகள், "அப்பா, அந்த ஆசாமி படிச்சுப் பார்த்தாரான்னு கேளுங்க" என்கிறாள். மருமகன் மரியாதை தெரிந்தவர். திரும்பி நின்றுகொண்டு சிரிக்கிறார்.

என் மனுவுக்குப் பதிலும் வந்தது. கோரிய ஆவணத்தை அலுவலக நேரத்தில் நேரில் வந்து பார்வையிடலாமாம். பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் கோமதி. நான் தெருவில் நின்று கண்காணித்துக்கொண்டிருந்தேன். பதில் கிடைத்த நாள்: கவுன்சிலர் மல்லிகா சாக்கடை அடைப்பெடுக்கும் வண்டியோடு எங்கள் தெருவுக்கு வந்த வெள்ளிக்கிழமை.