மன ஆராய்ச்சியைக் கரைத்துக் குடித்தவர்

நம்மிடையே ஓர் இனம் பெருகி வருகிறது. நீங்கள் கேன்டீனில் உட்கார்ந்து, யாரிடமும் இல்லாமல் சாம்பார் வாளியிடம், "ரெண்டு நாளா மனசே சரியில்ல" என்று முணுமுணுத்தால் போதும். நாலு மேசை தள்ளி இருக்கும் அவருக்கு அது கேட்டுவிடும். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, உங்கள் பக்கத்தில் இருப்பவரை இடுப்பால் நகர்த்தி உட்கார்ந்து, அப்பளத்தை ஒடித்தபடி, "இதுக்கு ஆராய்ச்சி இன்னா சொல்லுதுன்னா..." என்று ஆரம்பிப்பார். உங்கள் மனசு ஏன் சரியில்லை என்று கேட்கமாட்டார். அது அவருக்கு எதற்கு?

இவர் டாக்டர் அல்ல. கவுன்சலர் அல்ல. கையில் போன் இருக்கிறது, அவ்வளவுதான் தகுதி. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக் குணப்படுத்துகிற சிபிடி என்ற சிகிச்சையைப் பற்றி உலகத்தில் வந்த ஆய்வுகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர். குடித்தது உடம்பில் ஒட்டியதா என்று மட்டும் கேட்கக் கூடாது.

இவ்வளவு விவரமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அவருக்குச் சவரம் செய்து விடுபவன் நான்தான்.

பெயர் சாம்சன். பலமெல்லாம் பெயரோடு சரி. ஒரகடத்தில் கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. போன ஜூன் மாதம் ஒரு நாள் காலை, மணிமங்கலத்தில் ஏறிய கம்பெனி பஸ், ஒரகடம் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டி நின்றது. தினமும் நிற்பதுதான். அன்றைக்கு மட்டும் என் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கை மரத்தது, சட்டை நனைந்தது, மூச்சு பாதியில் நின்றது. செத்தேன் என்றே நினைத்தேன். டிரைவரிடம் கத்திக் கதவைத் திறக்க வைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், 'என் பெண்டாட்டியிடம் சொல்லிவிடுங்கள்' என்று நர்சிடம் கடைசி வார்த்தைகள் எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஈசிஜி வந்தது.

"ஹார்ட் நல்லாருக்குங்க. இது பயம். கவுன்சலரைப் பாருங்க" என்றார் டாக்டர்.

சாதாரண மனிதன் கவுன்சலரைப் பார்த்திருப்பான். எங்கள் இனம் படிக்க ஆரம்பிக்கும்.

படித்தேன். நாலு மாதம் படித்தேன். எந்தச் சிகிச்சையை எத்தனை பேரிடம் எத்தனை வாரம் சோதித்தார்கள், மாத்திரையோடு ஒப்பிட்டால் என்ன, குழுவாகச் செய்தால் என்ன, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆய்வுகளை ஆய்வு செய்த ஆய்வுகளைக்கூட விடவில்லை. சர்ச்சில் ஜெபக் கூட்டத்தில், மனக்கவலையில் உள்ளவர்களுக்காக ஜெபிக்கலாம் என்று போதகர் சொல்ல, நான் எழுந்து புள்ளிவிவரம் கொடுத்தேன். கண்ணை மூடியிருந்தவர்கள் திறக்கவே இல்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லா ஆய்விலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: எதற்குப் பயப்படுகிறோமோ அதைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் கொழுக்கும். இதை நான் லைனில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் விளக்கினேன். விளக்கிவிட்டு, சாயங்காலம் கம்பெனி பஸ் கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே என் மனைவி ஜோஸ்லினின் ஸ்கூட்டருக்காகக் காத்து நின்றேன்.

ஆமாம். ஜூனுக்குப் பிறகு பஸ்ஸில் ஏறவே இல்லை. முதலில் பைக்கில் போனேன். ஒரு நாள் மேம்பாலத்தில் அதே படபடப்பு வந்ததும் பைக்கும் போயிற்று. அதிலிருந்து, படப்பையில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிற என் மனைவி தினமும் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஒரகடம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி, தாமதமாக வேலைக்குப் போனாள். பின்சீட்டில் நான் சும்மா வந்தேனா? தவிர்த்தலின் தீமைகளை அவளுடைய ஹெல்மெட்டுக்குள் கத்தியபடியே வந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற சந்திரம்மாள் என் கண்ணில் பட்டார். அவரும் மணிமங்கலம்தான். புருஷன் இறந்து ஆறு மாதம். வேலைக்கு வருவார், கழுவுவார், போவார். பேச்சு நின்றுபோயிருந்தது; சோறும் பாதிதான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தட்டோடு போனேன்.

"சந்திரம்மா, துக்கம் எதனால வருதுன்னா நடந்த விஷயத்தால இல்ல. அதப்பத்தி நாம நினைக்கிற நினைப்பால. அந்த நினைப்புல ஒரு பிழை இருக்கும். அதக் கண்டுபுடிச்சிட்டா..."

அவர் குழாயை மூடினார்.

"எங்கூட்டுக்காரரு பூட்டாரு சார். அதுல இன்னா பிழை?"

எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். உண்மையில் எந்த நல்ல ஆய்வும், இழவு வீட்டுக்குப் போய்ப் பிழை தேடு என்று சொல்லவில்லை; அதை நான்தான் சேர்த்துக்கொண்டேன். தட்டைக் கொடுத்தேன். அவரே வாங்கிக் கழுவினார். அன்று மத்தியானம் முழுக்கக் காது சுட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் ஜோஸ்லின் ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். அவளுடைய கடையில் கொடுத்த மெமோ. இன்னும் ஒரு முறை தாமதமானால் வேலைக்கு வர வேண்டாம் என்று எழுதியிருந்தது.

"உங்க ஆராய்ச்சில இதுக்கு இன்னா போட்டுகீதுங்க?" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கோபத்தின் நிலைகளைப் பற்றி ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் கண் கலங்கியிருந்தது. ஒன்பது வருஷமாகப் பார்க்கிற வேலை.

மறுநாளிலிருந்து காசைக் கொட்டி ஆட்டோவில் வேலைக்குப் போனேன். அன்றே அரசு ஆஸ்பத்திரியில் கவுன்சலர் ஃபாத்திமாவையும் போய்ப் பார்த்தேன். சின்னப் பெண், பெரிய நோட்டு. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பஸ் ஸ்டாப்பில் போய்ப் பத்து நிமிஷம் நிற்கவும், அப்போது மனதில் என்ன ஓடுகிறது, பயம் பத்துக்கு எத்தனை என்று எழுதவும் ஒரு தாள் கொடுத்தார். அடுத்த வியாழக்கிழமை நான் தாளைக் கொண்டுபோகவில்லை. அந்தத் தாள் எந்த ஆய்வின் அடிப்படையில் வந்தது, அதில் என்ன குறை என்று எழுதிக்கொண்டு போனேன். மூன்று பக்கம்.

அவர் மூன்று பக்கத்தையும் படித்தார். "நல்லாருக்கு சார். வீட்டுப்பாடம் செய்யறவங்களுக்குத்தான் பலன் அதிகம்னும் ஆய்வு இருக்கே, படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"பஸ் ஸ்டாப்புக்குப் போனீங்களா?"

கூரையில் மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன்.

வெளியே பெஞ்சில் சந்திரம்மாள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை. மடியில் அதே போல ஒரு தாள். எழுத வராது என்பதால் செய்த காரியத்துக்கு ஒரு கோடு, செய்யாததற்குச் சுழி. தினமும் ஒன்று, முன்னே பிடித்த காரியம் ஏதாவது ஒன்று செய்ய வேண்டும் என்று ஃபாத்திமா சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுச் செங்கமலத்தோடு ஏரிக்கரை வரை நடப்பது அவருடைய காரியம். முதல் வாரம் முழுக்கச் சுழி. அப்புறம் இரண்டு கோடு. அப்புறம் நாலு.

"இப்ப தேவலையா?" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் ஒரு கேள்வி.

"அவரு நெனப்பு அப்புடியேதான் கீது. சோறு எறங்குது" என்றார். பிறகு என் வெற்றுக் கையைப் பார்த்தார். "உன் தாளு எங்க சார்?"

நான் ஸ்டாப்புக்குப் போன கதை வீரக்கதை இல்லை. முதல் நாள் பத்து நிமிஷம் நின்றேன், பயம் ஏழு. மூன்றாம் நாள் ஏறி, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, கம்பெனி ஷூவோடு வீட்டுக்கு நடந்தேன். பயம் ஒன்பது, அவமானம் பதினொன்று. இரண்டாம் வாரம் படப்பை வரை. அதற்கடுத்த திங்கட்கிழமை ஒரகடம் வரை போவது என்று, அதே பஸ்ஸில் வேலைக்கு வருகிற சந்திரம்மாள் முடிவு செய்து, ஜன்னலோர இடத்தில் தன் டிபன் பையை வைத்துப் பிடித்திருந்தார்.

கூட்டு ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றது. நெஞ்சு ஆரம்பித்தது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பயம் மேல போவும், ஒரு கட்டத்துல தானா எறங்கும், அதுக்கு ஆராய்ச்சி இன்னா சொல்லுதுன்னா..." என்று அவரிடம் சொல்லத் தொடங்கினேன்.

"எறங்கும் எறங்கும். நீ எறங்காத. கம்முனு ஒக்காரு சார்" என்றார் அவர்.

கம்மென்று உட்கார்ந்தேன். ஒன்பது வரை போயிற்று. சாகப் போகிறேன் என்று தோன்றியது. தோன்றுகிறது என்று எழுதிக்கொண்டேன். பக்கத்து லாரி டிரைவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எட்டு. வாய் கொப்பளித்தார். ஆறு. பஸ் நகர்ந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதைச் சந்திரம்மாள் கவனிக்காதது போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

குணமாகிவிட்டதா? வாரத்தில் ஐந்து நாள் பஸ்ஸில் போகிறேன், ஒரு நாள் சுழி. ஜோஸ்லினுக்கு அடுத்த மெமோ வரவில்லை. அவள் பாராட்டு எதுவும் சொல்லவில்லை. காலையில் ஸ்கூட்டரில் தனியாகப் போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போகிறாளாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

கரைத்துக் குடிக்கிற பழக்கம் மட்டும் முழுதாகப் போகவில்லை. போன வாரம்கூட லைனில் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டேன். ஆனால் நீங்கள் அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். இதைச் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். நடுவில் எங்கேயோ, 'அடடா, இதை அவருக்கு அனுப்ப வேண்டுமே' என்று ஒரு பெயர் உங்களுக்குத் தோன்றியிருக்கும். உங்களுடைய பெயர் தோன்றவில்லை அல்லவா?

எங்கள் இனத்துக்கு முதல் அறிகுறி அதுதான். ஆராய்ச்சி சொல்கிறது என்று சொல்லமாட்டேன். நான் சொல்கிறேன்.