கூரையா, குழாயா, சிலையா?

எர்மெரா மலை, கிழக்குத் திமோர்
காப்பி பழுக்கும் மாதம்

தலைநகர் திலியில், நாட்டின் பணம் எதற்கெல்லாம் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் அலுவலகத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி பெற்றிருக்கும் அருமை மைத்துனர் எவாரிஸ்தோ அவர்களுக்கு, ஊர்த்தலைவனும் உங்கள் அக்காள் ஒலாந்தினாவின் கணவனுமாகிய பொனிஃபாசியோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. எங்கள் இருவர் உடல்நலத்திலும் குறையில்லை. பேச்சுவார்த்தை மட்டும் ஒரு வாரம் நின்றிருந்தது. அதற்குக் காரணம் உன் அலுவலகம்தான், மாப்பிள்ளை.

சண்டையில் எரிந்துபோன ஊர்களுக்கெல்லாம் அரசாங்கம் ஒரு வேலை செய்துதரும், ஒன்றே ஒன்று, எது வேண்டும் என்று ஊரே கூடிச் சொல்லட்டும் என்று உங்கள் அதிகாரி அம்மா வந்து சொன்னாரே, அந்த நிமிஷத்திலிருந்து ஊரில் ஒருவரும் உட்காரவில்லை! நான் பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை என்றேன். மழை வந்தால் பிள்ளைகள் பலகையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறார்கள். விடுதலைக்காகக் காட்டில் கிடந்து போராடிய திமோத்தியோ, செத்துப்போன தோழர்களுக்குச் சிலை வைக்கவேண்டும் என்றார். உன் அக்காள் எழுந்தாள்.

"அண்ணே, உங்க சிலைக்குத் தாகம் எடுக்குமா? ஊத்துலேருந்து குடம் சுமந்து எங்க இடுப்பு ஒடியுது. குழாய் போடுங்க!"

"தாகத்தோடதான் செத்தாங்க அவங்க" என்றார் திமோத்தியோ. உன் அக்காள் கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் எவ்வளவு நேரம்? "அப்ப அவங்க இருந்திருந்தா எதைக் கேட்டிருப்பாங்க, தண்ணியா சிலையா?" என்று அவள் திருப்பிக் கேட்க, மறுபடி கூச்சல்.

அதிகாரி அம்மா மூன்று கூடைகள் வைத்தார். ஒன்றில் கூரைப் படம், ஒன்றில் குழாய், ஒன்றில் சிலை. ஆளுக்கு ஒரு சோளமணி. பிடித்த கூடையில் போடவேண்டும். வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது சபீனோ வந்து நின்றான் மாப்பிள்ளை! அதே சபீனோதான். ஊரைக் கொளுத்திய கும்பலோடு திரிந்து எல்லை தாண்டி ஓடியவன். திரும்பி வந்து, ஊர்ப் பெரியவர்கள் விரித்த சமாதானப் பாயில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டானே, அதற்கப்புறம் இப்போதுதான் நாலு பேர் முன்னால் வருகிறான்.

"எனக்கும் ஒரு மணி குடுங்க" என்றான்.

"பள்ளிக்கூடக் கூரையக் கொளுத்துன பயலுக்கு ஓட்டு ஒரு கேடா?" திமோத்தியோவின் கை அரிவாளுக்குப் போய்விட்டது.

"கூரைக்குத்தான் அண்ணே போட வந்தேன்."

நான் கூடையை நகர்த்தி வைப்பதுபோல் குனிந்துகொண்டேன். ஊர்த்தலைவன் என்று பேர்தான். உன் அக்காள்தான் போய் ஒரு சோளமணியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "போடு. மனசு மாறினா குழாய்க்குப் போடு" என்றாள். சிரிப்புக் கிளம்பியது. அரிவாள் இடுப்பிலேயே நின்றது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். எல்லாரும் காப்பி குடிக்க ஒதுங்கிய நேரத்தில் ஓரமாக இருந்த கூரைக் கூடைக்குள் கோழிகள் இறங்கிவிட்டன. எண்ண வந்தால் கூடையின் அடிதான் மிச்சம்! யார் வீட்டுக் கோழி? உன் அக்காள் வீட்டுக் கோழி, அதாவது என் கோழி! "பொனிஃபாசியோ, உன் பெண்டாட்டி பழக்கி விட்டுருக்காடா" என்று ஊரே கத்துகிறது, அவளோ "கோழிக்கே புரிஞ்சிருக்கு, உங்களுக்குப் புரியல" என்கிறாள். மறுபடி கூழாங்கல்லை வைத்து ஓட்டு நடத்தினோம். குழாய் ஜெயித்தது. கோழியைப் பழக்கியது நீதானா என்று நானும் கேட்டுவிட்டேன். வீட்டில் பேச்சு நின்றது அன்றைக்குத்தான்.

கேள், ஒரு வாரம் கழித்து ஒரு நாள் விடிந்ததும் சபீனோ மூங்கிலும் பனையோலையும் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். "குழாய் ஊருக்கு வரட்டும். கூரைய நான் வேயறேன்" என்றான். திமோத்தியோ கீழே நின்று "கோணல்டா! கை இருக்கா உனக்கு?" என்று திட்டிக்கொண்டே இருந்தார். பொறுக்கமுடியாமல் தானே மேலே ஏறிவிட்டார். ஒருவர் ஓலையைப் பிடிக்க, மற்றவர் கட்ட, இருவரும் ஒரே உத்திரத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். உன் அக்காள் நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து பேசுகிறாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கூரை ஏறிவிட்டது, மாப்பிள்ளை! இனிக் குழாய்தான் பாக்கி. மேலிடத்தில் சொல்லிச் சீக்கிரம் அனுப்பு. உன் வேலை நிலைக்கவும், மின்விசிறி நிற்காமல் சுழலவும் கன்னிமரி துணையிருக்கட்டும்.

அன்புடன்,
பொனிஃபாசியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் லாரி வந்துவிட்டது! உள்ளே குழாய் ஒன்றுகூட இல்லை. முழுக்கத் தகரம்! "இந்த வருஷம் நாடு முழுக்கப் பள்ளிக்கூடம்தான் முதல்லயாம், தண்ணி அடுத்த வருஷமாம்" என்று டிரைவர் இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். உன் அக்காள் ஒரு தகரத்தை எடுத்து முழங்காலில் வைத்து நடுவில் மடக்கினாள். வாய்க்கால் மாதிரி ஆயிற்று. திமோத்தியோவும் சபீனோவும் சுத்தியல் தேடி ஓடினார்கள். ஊற்றிலிருந்து மடக்கு மடக்காகத் தகரம் இறங்கி, இப்போது பள்ளிக்கூட வாசலில் தண்ணீர் கொட்டுகிறது! ஆகவே குழாயைப் பற்றி மேலே எழுதியதை விட்டுவிடு. அல்லது விடாதே, அனுப்பு. அடுத்த வருஷம் குழாய் வந்தால் அதை வைத்து என்ன கட்டுவது என்று இப்போதே ஊரில் சண்டை தொடங்கிவிட்டது.