தூசி டேப்பும் சந்தனப் பொட்டும்

மான்மவுத் ஜங்ஷன், நியூஜெர்சி
சரஸ்வதி பூஜை, 1985

மகாராஜஸ்ரீ சம்பந்தி ராமசுப்ரமணியன் அவர்கள் சமூகத்திற்கு, பிச்சுமணி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே என் பெண் ஜலஜாவும் மாப்பிள்ளையும் சௌக்கியம். நானும் இன்று காலை பத்து மணி வரை சௌக்கியமாகத்தான் இருந்தேன்.

விஷயம் தங்கள் புத்திரரின் உத்தியோகத்தைப் பற்றியது. அவர் எங்கோ தூரத்து நட்சத்திர மண்டலங்களில் உள்ள தூசியை ஆராய்கிறார் என்பது தாங்கள் அறிந்ததே. முப்பத்திரண்டு வருஷம் கும்பகோணம் முனிசிபாலிடியில் சானிடரி இன்ஸ்பெக்டராகத் தூசியை விரட்டியவன் நான். தூசிக்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "புதுசா பொறக்கற நட்சத்திரம் அல்ட்ராவயலட் வெளிச்சத்தைக் கொட்டும் மாமா. சுத்தி இருக்கற தூசி அதை முழுங்கிடும். முழுங்கினா சூடாகும். அந்தச் சூடு இன்ஃப்ராரெட்டா வெளில வரும். கண்ணால பார்த்தா அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். சூட்டை அளந்தாதான் எத்தனை நட்சத்திரம் பொறக்கறதுன்னு தெரியும்." அந்தச் சூட்டை ஒரு சாட்டிலைட் மேலே போய் அளந்து, விவரமெல்லாம் வட்டமான டேப்பில் ஏற்றியிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை அதை வைத்து மாப்பிள்ளை, ஆபீஸ் பெரியவர்கள் முன்னால் பேச வேண்டும். பேச்சு சரியில்லை என்றால் வேலை ரின்யூ ஆகாது, கிரீன் கார்டும் அம்போ.

இன்று அவர் ஆபீஸ் போனதும் பூஜைக்குப் புஸ்தகங்களை அடுக்கினேன். மேஜைமேல் தட்டு மாதிரி ஒரு டேப் இருந்தது. அதுவும் வித்தைக்கு உரியது ஆயிற்றே, விட்டுவிடலாமா? மூன்று இடத்தில் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமம் இட்டு, சாம்பிராணியும் காட்டினேன். ஜலஜா குளித்துவிட்டு வந்து பார்த்தாள். "அப்பா, இதுல ஒரு தலைமுடி விழுந்தாலே மெஷின் படிக்காது. ஃப்ரைடே டாக் இதுலதான்பா இருக்கு" என்றாள். எடுத்துத் துடைக்கலாம் என்றால், பூஜையில் வைத்ததை நாளைக்குப் புனர்பூஜை ஆகாமல் தொடக்கூடாது. எனக்கு ரொம்ப பயமாயிருக்கு சம்பந்தி. பத்து மணிலேருந்து ஒரு வாய் காபி இறங்கலை. சமாசாரத்தை முழுங்கிண்டு உட்கார்ந்திருக்கேன், உடம்பு கொதிக்கறது. வாசல்ல கார் சத்தம் கேட்டா பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறேன். உங்க பிள்ளைக்கு வேலை போனா அதுக்கு நான்தான் காரணம், ஜலஜா ஒரு பாவமும் அறியாதவ, அவளை ஒரு வார்த்தை சொல்லிடாதேள். அடுத்த ப்ளேன்ல வந்து உங்க வாசல்ல நிக்கறேன், என்னைத் திட்டுங்கோ.

சம்பந்தி அம்மாளுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

மன்னிப்பை யாசிக்கும்,
பிச்சுமணி

பி.கு.: மாப்பிள்ளை வந்துவிட்டார். பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றே சொன்னார்: "வெளில வாங்கோ மாமா. அது டூப்ளிகேட்தான். ஒரிஜினல் ஆபீஸ்ல இருந்தது. அதுக்கு இன்னிக்குக் கார்த்தால நானே குங்குமம் வெச்சேன். பொடி உள்ள கொட்டி மெஷினே நின்னுடுத்து." ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். டேப்புக்குக் குங்குமம் வைக்காவிட்டால் வித்தை தங்காது என்று தாங்கள்தான் போன மாதக் கடிதத்தில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருந்தீர்களாம். நான் வைத்த சந்தனம் பிளாஸ்டிக் விளிம்பில்தான் இருக்கிறது. காய்ந்ததும் உதிர்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு அந்த டேப்பைத்தான் ஓட்டப் போகிறார். "அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் மாமா, நொந்து போயிடுவார்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் செய்துவிட்டேன். ஆகையால் தாங்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டாம்.