அயலுக்கு உப்பு

குகதாசன் நீட்டிய உப்புப் பைக்கற்றைக் கண்டதும் பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"உப்பை ஆரும் கையில குடுக்கிறதே? என்னோட சண்டை பிடிக்கப் போறியோ?"

"இல்லை அக்கா. சும்மா..."

"சும்மா ஆர் உப்புத் தருவினம்? வேலியை உன்ர பக்கம் அரக்கினது நான் எண்டு எவன் சொன்னவன்?"

வேலி தன் காணிக்குள் நகர்ந்திருப்பது அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

குகதாசன் அண்மையில்தான் ஞானஸ்நானம் எடுத்திருந்தான். 'நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்' என்று பாஸ்டர் பாலன் பிரசங்கித்து, இந்தக் கிழமை எல்லோரும் அயலுக்கு உப்பாகப் போகவேண்டும் என்றிருந்தார். பேச வராத குகதாசனுக்கு அது வசதியாகப் பட்டது. நேரே கடைக்குப் போனான்.

இப்போது பாஸ்டருக்குப் போன் எடுத்தான்.

"குடுத்தால் சண்டைக்கு வருகினம், பாஸ்டர்."

எதைக் கொடுத்தாய் என்று பாஸ்டர் கேட்கவில்லை. "உப்பு கறிக்குள்ள சத்தம் போடுதோ தம்பி? ஒருதருக்கும் தெரியாமல் கரையுது. நீயும் அப்பிடிச் செய்."

மறுநாள் விடியமுதல், ஒருவருக்கும் தெரியாமல், ஒவ்வொரு வீட்டு வாசல் படலையடியிலும் ஒரு பிடி உப்பு வைத்துவிட்டு வந்தான்.

விடிந்ததும் தில்லைநாதன் வந்தார். இரணைமடு வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பவர் அவர். குகதாசனின் நெல் கதிர் தள்ளும் பருவத்தில் நின்றது. இந்த முறைத் தண்ணீர் கிடைக்காமல் போனால் வைக்கோல்தான் மிச்சம்.

"என்ர படலையில செய்வினை வைச்சது நீயோ?"

"செய்வினை இல்லை அண்ணை. வேதத்தில கிடக்கு. பூமிக்கு உப்பு."

"எந்தப் பூமிக்கு? என்ர வயலுக்கோ? உப்புப் பட்டால் பயிர் கருகும். நீயும் ஒரு கமக்காரன்!"

குகதாசனுக்கும் பிரசங்கத்தில் அந்த இடம்தான் இடித்தது. கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டான்.

"உனக்குத் தண்ணி இல்லை, போ!"

குசினிக்குள்ளிருந்து மனைவி நிசாந்தினி எட்டிப் பார்த்தாள். "வாயால ரெண்டு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"அதுதானே எனக்கு வராது."

"வராட்டி சும்மா கிடந்திருக்கலாமே!"

மறுபடி போன்.

"தில்லைநாதன் அண்ணை சரியான கோவம், பாஸ்டர்."

"சோர்ந்துபோகாதை. உப்பு வேலை செய்யக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அவருக்காகச் செபம் பண்ணு."

குகதாசன் அதையே ஆறுதலாகச் சொல்லப் போனான்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. உப்பு வேலை செய்யக் கொஞ்சம் நேரம் எடுக்குமாம். நான் உங்கட பேரைச் சொல்லிச் சொல்லித்தான் செபிக்கிறன்."

தில்லைநாதனின் முகம் வெளிறியது. ஏன் என்று குகதாசனுக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் அவருடைய தண்ணீர் மோட்டர் எரிந்தது. அதற்கடுத்த நாள் கன்று கிணற்றுக்குள் விழுந்து, ஊர் கூடித் தூக்கியது. அன்று பின்னேரமே குகதாசனின் வயலுக்குத் தண்ணீர் வந்தது. தில்லைநாதன் தானே மண்வெட்டியோடு நின்று மடையை வெட்டிவிட்டார். அதுவும் குகதாசனுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தில்லைநாதன் வெள்ளை வேட்டியோடு சபைக்கு வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தார். பாஸ்டருக்குக் கண் கலங்கியது.

"பாருங்கோ, உப்புச் செய்த வேலையை! ஐயா, எழும்பி நாலு சொல்லுச் சொல்லுங்கோ."

தில்லைநாதன் எழுந்தார்.

"எத்தினை பூசாரிமாரிட்டப் போனனான். ஒருத்தற்ற சாமானும் இந்த வேகத்தில பலிக்கேல்லை."

பிறகு பாஸ்டரின் காதுப் பக்கம் குனிந்தார்.

"எனக்கும் ஒரு பிடி தாங்கோ. மருமகன்ர படலையில வைக்கோணும்."