ஆளில்லாத வீடே அழகு

பூட்டிய வீட்டுப் பரிசோதகரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது அவர் வரவே மாட்டார். விடுமுறைக்கு வந்து தங்கலாமென்று கடற்கரையோரம் ஒரு வீட்டைக் கட்டிவிட்டு, மீதி மாதமெல்லாம் ஊரில் உட்கார்ந்து அதை நினைத்துக் கவலைப்படுகிற புண்ணியவான்கள், அந்தக் கவலையைப் படச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் ஆள் அவர்.

நம்முடையவர் வாரம் தவறாமல் வருவார். கதவைத் திறந்ததும் முதலில் மூக்கை மட்டும் உள்ளே நீட்டி மோந்து பார்ப்பார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து கலங்கல் போகும்வரை காத்திருந்து மூடுவார். யாருமே போகாத கழிப்பறையில் தண்ணீரை இழுத்துவிட்டு, தொட்டி நிரம்பும்வரை கைகட்டி நிற்பார். மெத்தையில் உட்காராமல் உள்ளங்கையால் அழுத்தி ஈரம் பார்ப்பார். ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே ஒன்றுமே இல்லை என்று கண்டு பூரித்துப்போவார். "தங்கமான வீடு, ஒரு தொந்தரவு கிடையாது" என்று சுவரைத் தட்டிக்கொடுப்பார். பெற்ற பிள்ளையை அப்படி ஒருநாளாவது தட்டிக்கொடுத்தாரா? அதையெல்லாம் கேட்காதீர்கள்.

ஒருநாள் கதவைத் திறந்தால், உள்ளே மனிதர்கள்! வீட்டுக்காரர், அவர் மனைவி, இரண்டு வாண்டுகள். சொல்லாமல் கொள்ளாமல் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தரையில் மணல், நாற்காலியில் ஈரத்துண்டு, ஃப்ரிட்ஜுக்குள் பால். மனுஷன் சத்தமில்லாமல் வாசலுக்குத் திரும்பி, வேலை விதிப்படி வீட்டுக்காரருக்கே போன் போட்டார். உள்ளே மணி அடித்தது.

"சார், உங்க வீட்டுல ஆள் நடமாட்டம் தெரியுது."

"யோவ், நாங்கதான்யா அது!"

"அது சரிங்க சார். எப்ப காலி பண்ணுவாங்க?"

வீட்டுக்காரரின் மனைவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "காலி பண்றதாவது? ஊர் இரைச்சல் போதும்ப்பா. இனிமே நாங்க இங்கயேதான்."

தலையில் இடி விழுந்தது பரிசோதகருக்கு. குடியிருக்கிற வீட்டுக்குப் பரிசோதகர் எதற்கு? பிழைப்பு போனால்கூடப் போகட்டும், இந்தத் தங்கத்தை இந்த ஆட்களை நம்பியா விட்டுவிட்டுப் போவது?

அன்றுமுதல் தினம் வந்தார். வாண்டுகள் மெத்தையில் குதித்தால், "அதுக்கு வலிக்கும் கண்ணு" என்றார். அம்மா அடுப்பைப் பற்றவைத்தால், வீட்டிலுள்ள ஜன்னலையெல்லாம் ஓடி ஓடித் திறந்தார். குளித்துவிட்டு வந்த வீட்டுக்காரரின் பின்னாலேயே துணியோடு தவழ்ந்து ஈரக்கால் தடத்தைத் துடைத்தார். "ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க சார். இப்படிப் புழங்குனா எந்த வீடும் தாங்காது."

வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். பிறகு, ஐயையோ, அவரும் ஆரம்பித்துவிட்டார். "சுவத்துல கை வைக்காதடா!" "கதவை மெதுவா சாத்து!" "குளிச்சாகணுமா இன்னைக்கு?"

"நாம வாழ வந்தோமா, வாட்ச்மேன் வேலைக்கு வந்தோமா?" என்று மனைவி வெடித்தார். அந்த வாரம் முடிவதற்குள் மூட்டை கட்டியாயிற்று. நாலு தெரு தள்ளி ஒரு லாட்ஜில் அறை எடுத்து, பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தார். வேறு வழியில்லாமல் கணவரும் பின்னாலேயே போனார்.

சாயங்காலமே பரிசோதகருக்குப் போன் வந்தது. மனைவி காதில் விழாதபடி வீட்டுக்காரர் கிசுகிசுத்தார்.

"வீடு எப்படிய்யா இருக்கு?"

"இப்பதான் சார் வீடு மாதிரி இருக்கு."

"அப்பாடா!" என்றார் வீட்டுக்காரர். வந்த நாள்முதல் அவர் நிம்மதியாக மூச்சுவிட்டது அப்போதுதான்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஆசையாய் வாங்கிப் போட்ட சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாயிற்றா? இன்னும் இல்லையா? உங்கள் பிள்ளை அதில் ஏறி உட்கார்ந்தால் உங்கள் வாயில் முதலில் வருகிற வார்த்தை என்ன?

அப்படியென்றால் சரி. உங்கள் வீட்டுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியதில்லை.